சொல்லிவிட்டுப் போகிற பிள்ளை

(தலைப்பு: கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் காப்பது கண்டிப்பா, கற்றுக்கொடுத்தலா? 'கற்றுக்கொடுத்தலே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே! எதிரணியிலே, கையில் பிரம்பு ஒன்றுதான் இல்லை என்கிற தோரணையில் உட்கார்ந்திருக்கின்ற என் அருமை நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "பள்ளிக்கூடத்துக் கேட்டை மூடின அன்னிக்கே எங்க வீட்டுக் கேட்டையும் மூடிருவேன். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தாத்தான் எங்க வீட்டுக் கேட்டும் திறக்கும்" என்று சொன்னார். நீங்களும் கை தட்டினீங்க. அய்யா, அது வீடா, இல்லை மத்திய சிறைச்சாலையா? (சிரிப்பு, கைதட்டல்) சிறைச்சாலையிலே கூட மனு போட்டா ஆள் பார்க்க விடுவாங்க!

இன்னொன்றும் சொன்னார். "என் பையன் என்னைக் கேக்காம வாசப்படியைத் தாண்ட மாட்டான்" என்று. நான் அப்படியே ஒத்துக்கிறேன். வாசப்படியைத் தாண்ட மாட்டான். கொல்லைப்புறச் சுவரைத் தாண்டுவான்! (பலத்த கைதட்டல்) இருபத்தஞ்சு வருஷமா டீச்சர் வேலை பார்க்கிறேன் அய்யா. எட்டாங்கிளாஸ் பையனுக்கு உயரமான சுவரை எந்தக் கொத்தனாரும் இன்னும் கட்டலை.

நடுவர் அவர்களே! கண்டிப்பே வேண்டாம் என்று சொல்ல நான் இந்த மேடைக்கு வரவில்லை. ஒரு விஷயத்தில் எதிரணிக்கு நான் முழுசா விட்டுக் கொடுத்துடறேன். அஞ்சு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு எந்தப் புத்திமதியும் உதவாது. அங்கே கண்டிப்பும் வேண்டாம், பாடமும் வேண்டாம். பெரியவங்க கண்ணுதான் வேணும். குளியலறையிலே ஒரு வாளித் தண்ணி போதும் அய்யா. எட்டிப் பார்த்த குழந்தை தலைகுப்புற விழுந்தா, அதுக்குத் தானாத் தலையைத் தூக்கத் தெரியாது. கேட்டைப் பூட்டிட்டா ஆச்சா? ஆபத்து கேட்டுக்கு உள்ளேயே வாளியிலே நிக்குதே! அதனால் அந்த வயசுக்கு வாளியைக் கவிழ்த்து வையுங்க, தொட்டிக்கு மூடி போடுங்க, கிணத்துக்குக் கம்பிவலை போடுங்க, குழந்தையைக் கையெட்டும் தூரத்திலே வச்சுக்குங்க.

ஆனா ஆறு வயசு, ஏழு வயசு, பத்து வயசு, பதினாலு வயசு? அதுக்கு வெளியே போகணும். விளையாடணும். வேர்க்கணும். அதைப் பூட்டி வச்சா என்ன நடக்கும்? போகாமல் இருக்காது. சொல்லாமல் போகும். என்னுடைய வாதம் இந்த ஒரு வரிதான் நடுவர் அவர்களே. வெளியே போகிற பிள்ளையை விட, சொல்லாமல் வெளியே போகிற பிள்ளைக்குத்தான் பெரிய ஆபத்து. (கைதட்டல்)

இதை நான் புத்தகத்திலே படிச்சுட்டுச் சொல்லலை. கொஞ்சம் பொறுத்துக் கேக்கணும்.

திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையிலே ஒரு கிராமம், எங்க ஊர். 1985ஆம் வருஷம், மே மாசம். எனக்கு ஒன்பது வயசு. என் அண்ணனுக்குப் பதிமூணு. எட்டாங்கிளாஸ் பரீட்சை எழுதி முடிச்சிருந்தான். எங்க அப்பா ரொம்ப நல்லவர். ஆனா கண்டிப்பானவர். எதிரணியிலே உட்கார வேண்டியவர். (சிரிப்பு) "ஆத்துப் பக்கம் போனீங்கன்னு தெரிஞ்சுது, காலை உடைச்சு அடுப்பிலே வச்சிருவேன்" என்பார். எங்க அம்மா வேற மாதிரி. "நீச்சல் கத்துக்கிட்டு அப்புறம் தண்ணியிலே இறங்கலாம்" என்பாங்க. தண்ணியிலே இறங்காம எப்படிம்மா நீச்சல் கத்துக்கறது என்று அண்ணன் கேட்டான். அதுக்கு இன்னும் பதில் வரலை. (சிரிப்பு)

மே மாசத்துக் காவிரி எப்படி இருக்கும் என்று கரையோரத்துக்காரங்களுக்குத் தெரியும். எங்க பார்த்தாலும் மணல். நடுவிலே வாய்க்கால் மாதிரி ஒரு ஓட்டம். பார்த்தா கணுக்கால் தண்ணி. ஆனா மணல் அள்ளின குழி இருக்குமே, அது வெளியே தெரியாது. ஒரு எட்டு வைக்கிற இடத்திலே முழங்கால் ஆழம், அடுத்த எட்டிலே ரெண்டு ஆள் ஆழம்.

அன்னிக்கு மத்தியானம் அண்ணன் என்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டான். "பாப்பா, அம்மா கேட்டா லைப்ரரிக்குப் போயிருக்கான்னு சொல்லு. வரும்போது உனக்கு வெள்ளரிப்பிஞ்சு கொண்டாறேன்" என்றான். நான் சரி என்று தலையாட்டினேன். அவனும் மூணு சிநேகிதங்களும் போனாங்க. ரெண்டு மணிக்கு அம்மா கேட்டாங்க, "ஏண்டி, அண்ணன் எங்கே?" நான் சொன்னேன், "லைப்ரரிக்குப் போயிருக்கான்மா."

(அரங்கில் அமைதி)

அங்கே ஆத்திலே என்ன நடந்தது என்பது எங்களுக்குப் பின்னாலேதான் தெரிஞ்சுது. அண்ணன் குழியிலே கால் வச்சுட்டான். கத்தலை. கையை ஆட்டலை. தலை மேலே வந்தது, போச்சு. மறுபடி வந்தது, போச்சு. மத்த மூணு பேரும் அவன் விளையாட்டுக் காட்டறான் என்று சிரிச்சுக்கிட்டு நின்னாங்க. அப்புறம் தலை வரவே இல்லை.

நடுவர் அவர்களே! கூப்பிடு தூரத்திலே ஆத்து மணல்லே வெள்ளரித் தோட்டம் போட்டு, குடிசையிலே ஒரு பெரியவர் காவல் இருந்தார். அந்தக் கரையிலே அவரை மிஞ்சின நீச்சல்காரர் கிடையாது. ஒரு குரல், "தாத்தா!" என்று ஒரே ஒரு குரல் கொடுத்திருந்தா ஓடி வந்திருப்பார். அந்தப் பிள்ளைங்க குரல் கொடுக்கலை. ஏன்? அந்தப் பெரியவருக்கு எங்க அப்பாவைத் தெரியும். அவங்க அப்பாக்களையும் தெரியும். ஆத்துக்கு வந்தது வீட்டுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாங்களே என்ற பயம். மூணு பேரும் ஓடிப் போய் அவங்கவங்க வீட்டிலே ஒளிஞ்சுக்கிட்டாங்க. பொழுது சாயற நேரத்துக்கு ஒருத்தன் காய்ச்சல்லே பிதற்றினான். அப்புறம்தான் ஊர் திரண்டு ஓடிச்சு.

எங்க அண்ணனைக் கொன்னது தண்ணின்னு எல்லாரும் சொன்னாங்க. தண்ணியும்தான். ஆனா அந்தக் கரையிலே ஒரு குரலைத் தொண்டையிலேயே அமுக்கிச்சே, அது எது? அது கண்டிப்பு அய்யா.

(நீண்ட அமைதி)

இது எங்க வீட்டுக் கதை மட்டும் என்று நினைச்சுடாதீங்க. 2021ஆம் ஆண்டிலே மட்டும் உலகம் முழுக்க ஏறத்தாழ 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதிலே நாலில் ஒரு பங்கு, அஞ்சு வயசு நிறையாத குழந்தைகள். ஐக்கிய நாடுகள் சபை 2021இல் தீர்மானம் போட்டு, ஜூலை 25ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. தண்ணிக்கு ஒரு நாள் குறிச்சு உலகமே பேச வேண்டிய நிலைமை.

அதுக்கு அந்த நிறுவனம் என்ன வழி சொல்கிறது? சின்னக் குழந்தைக்கு வேலியும் மேற்பார்வையும். நான் முதல்லேயே ஒத்துக்கிட்டது அதுதான். ஆறு வயசுக்கு மேலே? நீச்சல் சொல்லிக் கொடு, தண்ணியிலே எப்படி நடந்துக்கணும்னு சொல்லிக் கொடு, அடுத்தவனை எப்படிப் பத்திரமாக் காப்பாத்தணும்னு சொல்லிக் கொடு. பக்கத்திலே வங்கதேசம். ஊருக்கு ஊர் குளம் இருக்கிற நாடு. அங்கே குளத்தை மூடவா முடியும்? அந்தக் குளத்துக்குள்ளேயே மூங்கிலாலே மேடை கட்டி, அதிலே பிள்ளைகளை இறக்கி நீச்சல் சொல்லிக் கொடுத்தாங்க. நீச்சல்குளம் கட்டக் கோடி ரூபாய் வேணும் என்று உட்கார்ந்திருக்கலை. மூங்கில் வெட்டினாங்க! (கைதட்டல்)

நாம என்ன பண்றோம்? கோடை முகாம் என்று ஒரு நோட்டீஸ் வருது. ஓவியம், கராத்தே, கீபோர்டு, மனக்கணக்கு, கையெழுத்துப் பயிற்சி. பத்து நாளிலே பையன் கையெழுத்து முத்து முத்தா ஆயிடுது. நல்லதுதான். ஆனா அந்த முத்தான கையெழுத்து, கிணத்துக்குள்ளே விழுந்தா மிதக்குமா அய்யா? (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

சரி, கற்றுக்கொடு கற்றுக்கொடு என்கிறாயே, என்னத்தைக் கற்றுக்கொடுக்கிறது என்று நடுவர் அய்யா கேட்கிறார், கண்ணாலேயே கேட்கிறார். (சிரிப்பு) சொல்கிறேன். வீட்டிலே இருக்கிறவங்க ஒரு காகிதத்திலே எழுதியும் வச்சுக்கலாம்.

முதல் பாடம், மூழ்கறவன் கத்த மாட்டான். சினிமாவிலே கதாநாயகி தண்ணிக்குள்ளே நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் ஆட்டி "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று அஞ்சு நிமிஷம் கூப்பிடுவாங்க. கதாநாயகன் அதுக்குள்ளே சட்டையைக் கழட்டி, கடிகாரத்தைக் கழட்டி வர்றதுக்கு நேரம் இருக்கும். (சிரிப்பு) நிஜத்திலே அப்படி இல்லை. வாய் தண்ணி மட்டத்திலே இருக்கும்போது மூச்சுக்கே வழி இல்லை, சத்தம் எங்கிருந்து வரும்? கை மேலே வராது, தண்ணியைப் பக்கவாட்டிலே அமுக்கும். தலை பின்னாலே சாயும். ஒரு நிமிஷத்துக்குள்ளே உள்ளே போயிடும். அதனாலே பிள்ளைங்க தண்ணியிலே இருக்கும்போது பெரியவங்க ஒருத்தர் கரையிலே உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கணும். கைப்பேசி பார்க்கக்கூடாது. சீட்டு விளையாடக்கூடாது. பார்க்கிறதே ஒரு வேலை. சத்தம் போடற பிள்ளை நல்லா இருக்கு. சத்தம் நின்னுடுச்சா, எழுந்திரிங்க.

இரண்டாவது பாடம், குதிக்காதே, எதையாவது வீசு. 2022 ஜூன் மாசம், கடலூர் மாவட்டத்திலே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையிலே குளிக்கப் போன ஏழு பேர் மூழ்கிப் போனாங்க. எல்லாரும் பெண்கள், சிறுமிகள். இந்த மாதிரிச் செய்தியை நாம எத்தனை தடவை படிக்கிறோம்? முதல்லே ஒரு பிள்ளை தவறி விழும். அதைக் காப்பாத்த அக்கா இறங்குவா. அக்காவைக் காப்பாத்த அத்தை. பாசம் வரிசையா இழுத்துக்கிட்டுப் போகும். மூழ்கறவங்க கையிலே எது கிடைச்சாலும் அதை அமுக்கிட்டு மேலே வரப் பார்ப்பாங்க. அது மனுஷ உடம்பின் இயல்பு. நீச்சல் தெரிஞ்சவனையே அமுக்கிடும், தெரியாதவன் இறங்கினா ஒரு உயிருக்கு ரெண்டு உயிர்.

அப்போ என்ன பண்றது? 2020ஆம் வருஷம் ஆகஸ்ட் மாசம், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கம். கிரிக்கெட் விளையாட வந்த பையன்கள் குளிக்கப் போய் நாலு பேர் ஆழத்திலே சிக்கிட்டாங்க. அங்கே இருந்த மூணு பெண்கள். அவங்க கையிலே கயிறு இல்லை. தெப்பம் இல்லை. என்ன இருந்தது? கட்டியிருந்த சேலை இருந்தது. அதை அவிழ்த்து வீசினாங்க அய்யா! (பலத்த கைதட்டல்) மானத்துக்கு உடுத்தின சேலையை உயிருக்கு வீசினாங்க. ரெண்டு பையன்கள் அதைப் பிடிச்சுக் கரை ஏறினாங்க. மத்த ரெண்டு பேரைக் காப்பாத்த முடியலை என்று அந்தத் தாய்மார்கள் அழுதாங்களாம். அந்த வருஷம் சுதந்திர தினத்தன்னிக்குத் தமிழக அரசு அவங்க மூணு பேருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. துண்டு, வேட்டி, சேலை, மூங்கில் கழி, மூடி போட்ட காலி கேன், லாரி டியூப் என்று கையிலே எது கிடைக்குதோ அதை வீசுங்க. குப்புறப் படுத்துக்கிட்டு நீட்டுங்க. ஊரைக் கூப்பிடுங்க. இதை எட்டு வயசுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

மூன்றாவது பாடம், கரைக்குக் கொண்டு வந்தப்புறம் செய்யக் கூடாதது. நம்ம ஊர்லே ஒரு பழக்கம். மூழ்கினவனைத் தலையிலே வச்சுச் சுத்துவாங்க. தலைகீழாத் தொங்க விடுவாங்க. வயித்தை அமுக்கித் தண்ணி எடுப்பாங்க. வேண்டாம் அய்யா. வேண்டியது தண்ணியை எடுக்கறது இல்லை, காத்தைக் கொடுக்கறது. மூச்சு இல்லையா, மல்லாக்கப் படுக்க வச்சு, தலையைக் கொஞ்சம் பின்னாலே சாய்ச்சு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாயோடு வாய் வச்சு ஊதணும். நெஞ்சு நடுவிலே முப்பது தடவை வேகமா அமுக்கி, ரெண்டு தடவை ஊதி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாமச் செய்யணும். இன்னொருத்தர் அதே நேரத்திலே 108க்குப் போன் பண்ணணும். பிள்ளை கண்ணைத் திறந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.

தண்ணி மட்டும்தானா? வெயிலுக்கு வாங்க. மே 4ஆம் தேதி வாக்கிலே கத்திரி ஆரம்பம். எதிரணி சொல்லும், வெயில்லே விடாதே என்று. நான் சொல்றேன், காலையிலே விடு, சாயங்காலம் விடு, பதினோரு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் நிழல்லே உட்கார வை. தாகம் எடுக்கும் முன்னாடியே தண்ணி குடிக்கச் சொல்லு. நீராகாரம், உப்புப் போட்ட நீர்மோர், இளநீர், நுங்கு எல்லாம் நம்ம பாட்டி எழுதின வைத்தியப் புத்தகம்.

ஆனா முக்கியமான விஷயம் என்ன தெரியுமா? மட்டையோட நிக்கிற பையனுக்குத் தலை வலிக்கும். கிறுகிறுப்பு வரும். குமட்டும். கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும். அப்பவே நிழலுக்கு வந்து, தண்ணி குடிச்சுப் படுத்தா சரியாப் போயிடும். ஆனா அவன் சொல்ல மாட்டான். ஏன்? சொன்னா, "நான் அப்பவே சொன்னேன்ல? நாளையிலேருந்து விளையாட்டுக் கிடையாது" என்று அம்மா சொல்வாங்க. அதுக்குப் பயந்து மறைப்பான். மறைச்சு மறைச்சு, உடம்பு நெருப்பாக் கொதிச்சு, உளற ஆரம்பிச்சு, நிலை தடுமாறி விழுவான். அதுதான் வெப்பவாதம். அப்போ அது உயிர் போகிற விஷயம். 108ஐக் கூப்பிடுங்க. வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காம, சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணியை ஊத்தி விசிறுங்க. கழுத்திலே, அக்குள்லே ஈரத்துணி வையுங்க. நினைவில்லாதவன் வாயிலே தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழலுக்குள்ளே போயிடும்.

அடுத்தது கோடை மழை. மைதானத்திலே நாலு பேர் விளையாடறாங்க. மேகம் கறுக்குது. இடி இடிக்குது. பிள்ளை என்ன பண்ணும்? மரத்தடிக்கு ஓடும். ஏன்? "நனைஞ்சுக்கிட்டு வந்தே, தொலைச்சிருவேன்" என்று வீட்டிலே சொல்லி அனுப்பியிருக்கோம்! அய்யா, நனைஞ்சா ஜலதோஷம். மரத்தடியிலே நின்னா மின்னல். எது பெரிசு? (கைதட்டல்) "இடிச் சத்தம் கேட்டா நனைஞ்சாலும் பரவாயில்லை, பக்கத்துக் கட்டடத்துக்குள்ளே ஓடு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகிற வரைக்கும் வெளியே வராதே. மரத்தடி வேண்டாம், குளத்துக்குள்ளே நிக்காதே" என்று சொல்லிக் கொடுத்தா அது காவல். "நனையாதே" என்று மட்டும் சொன்னா அது கண்டிப்பு.

நடுவர் அய்யா மணியைத் தொட்டுட்டார். (சிரிப்பு) இன்னும் ரெண்டே நிமிஷம். எங்க அம்மாவைப் பற்றிச் சொல்லாம நான் இறங்க முடியாது.

அண்ணன் போன மறு வருஷம், அதே மே மாசம். ஒரு நாள் அப்பா ஒரு பழைய லாரி டியூபைத் தோள்லே மாட்டிக்கிட்டு வந்தார். எதுவும் பேசலை. அம்மா என் தலையை இறுக்கிப் பின்னினாங்க. மூணு பேரும் ஆத்துக்கு நடந்தோம். அந்த வெள்ளரித் தோட்டத்துப் பெரியவர் கயிறோட நின்னுக்கிட்டிருந்தார். இடம் அவருக்குத் தெரியும், எங்கே குழி, எங்கே தரை என்று. என் இடுப்பிலே கயிறைக் கட்டி இறக்கினார். எங்க அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. அந்த ஒரு வருஷமா ஆத்துப் பக்கமே திரும்பாதவங்க. கரையிலே உட்கார்ந்து, கண்ணை எடுக்காமப் பார்த்தாங்க. ஒரு தடவை கூடப் "போதும், வா" என்று சொல்லலை. உதடு மட்டும் அசைஞ்சுது. சாமி கும்பிடறாங்க என்று நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, எண்ணியிருக்காங்க. என் தலை தண்ணிக்கு மேலே வர்ற ஒவ்வொரு தடவையையும் எண்ணியிருக்காங்க. இருபது நாளிலே நான் நீச்சல் கத்துக்கிட்டேன்.

அன்னிக்குத் திரும்பி வரும்போதுதான், ஒரு வருஷமா நெஞ்சிலே வச்சிருந்ததை அழுதுக்கிட்டே சொன்னேன். "அம்மா, நான் பொய் சொல்லாம இருந்திருந்தா அண்ணன் இருந்திருப்பான்ல?" அம்மா நின்னாங்க. என் முகத்தைத் துடைச்சுட்டுச் சொன்னாங்க: "நீ என்னடி பண்ணுவே? உண்மையைச் சொல்ல முடியாத வீடா நாங்க வச்சிருந்தோம்."

(அமைதி, பின் நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே! நம்ம வீடுகள்லே கிளம்பும்போது "போறேன்" என்று யாரும் சொல்ல மாட்டோம். "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வோம். எங்க அண்ணன் அன்னிக்கு அந்த வார்த்தையை அம்மாகிட்டே சொல்லலை. சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கறதுக்கு முன்னாடி, அந்தத் தைரியத்தைக் கொடுங்க.

இன்னிக்கு என் பையனுக்கு வயசு பதினாலு. வெளியே கிளம்பினா நாலு கேள்வி கேட்பேன். எங்கே போறே? யாரோட போறே? எப்போ வருவே? நாலாவது கேள்வி, ஏதாவது தப்பா நடந்தா என்ன பண்ணுவே? அதுக்கு அவன் பதில் மனப்பாடம். "பக்கத்திலே இருக்கிற பெரியவங்களைக் கூப்பிடுவேன், அப்புறம் உன்னைக் கூப்பிடுவேன். திட்டுவேன்னு பயப்பட மாட்டேன்." இன்னிக்குக் காலையிலே இந்த நிகழ்ச்சிக்காக நான் கிளம்பும்போது சொன்னான்: "அம்மா, நாலு மணிக்கு மாமாவோட தோட்டத்துக் கிணத்துக்குக் குளிக்கப் போறேன். மாமா மேலே உட்கார்ந்து பார்த்துக்குவார். கயிறும் டியூபும் எடுத்து வச்சாச்சு. போயிட்டு வர்றேம்மா."

என் அடிவயிறு இப்பவும் கலங்கத்தான் செய்யுது அய்யா. இல்லை என்று சொன்னா பொய். ஆனா அவன் எங்கே இருக்கான் என்று எனக்குத் தெரியும். யார் பார்த்துக்கிட்டு இருக்கார் என்று தெரியும். எதிரணி நண்பரே, பூட்டின கேட்டுக்குப் பின்னாலே உங்க பையன் இந்த நிமிஷம் எங்கே இருக்கான் என்று உங்களுக்குத் தெரியுமா? (பலத்த கைதட்டல்)

ஆகவே, நடுவர் அவர்களே! சொல்லாமல் போக வைப்பது கண்டிப்பு. சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வர வைப்பது கற்றுக்கொடுத்தல். கோடை விடுமுறையிலே நம் பிள்ளைகளைக் காப்பது கற்றுக்கொடுத்தலே, கற்றுக்கொடுத்தலே என்று நல்ல தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)